முந்நூறு பக்கம் வாயைத் திறக்காதவர்கள்

அத்தியாயம் பதினேழு

மூன்று மத்தியானங்கள் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து, மகள் எழுதிய நாவலை முத்தம்மா படித்து முடித்ததை சென்ற வாரம் பார்த்தோம். கடைசிப் பக்கத்தை மூடியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "கர்மம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் விட்டிருந்தோம்.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது முனிராஜ் டிபன் ரூம். முனிராஜ் இறந்து பதினான்கு வருடமாகிறது. போர்டில் பெயர் அவருடையது. அடுப்பு அவர் மனைவி முத்தம்மாவுடையது. ஐம்பத்து நான்கு வயது. கல்லாவில் மகன் நரேஷ். மாடியிலேயே வீடு. நரேஷின் மனைவி ஷில்பா, ஒக்கலிபுரத்துப் பெண். மகள் வீணாவுக்கு இருபத்தெட்டு வயது. பகலில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மற்ற நேரமெல்லாம் எழுத்து. மொபைலில் வாரம் ஒரு பகுதியாக அவள் எழுதிய கதை இப்போது புத்தகமாகிவிட்டது. பெயர் 'ஏழாம் நம்பர் மேசை'.

கதை இதுதான். ரத்தினம்மாள் என்ற விதவை ஒரு ஹோட்டலில் சமைக்கிறாள். சாமிநாதன் என்ற பேங்க் குமாஸ்தா தினமும் காலையில் ஏழாம் நம்பர் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். இவளுக்கு அவர்மேல் ஆசை, அவருக்கு இவள்மேல் ஆசை. இப்படியே பதினோரு வருடம். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இருவரும் வாயைத் திறப்பதே இல்லை. கடைசியில் அவருக்கு மைசூருக்கு மாற்றலாகிறது. அவள் தயிர் சாதம் கட்டிக் கொடுக்கிறாள். அவர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். முற்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கே வீணா கீழே இறங்கி வந்தாள். சாயந்திரம் நாலு மணிக்கு, ஏரிக்கரைப் பக்கத்துத் தமிழ் மன்றத்தில் அவளுடைய புத்தகத்துக்குக் கூட்டம். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அம்மா, படிச்சிட்டியா?"

முத்தம்மா சாம்பார் குண்டானைக் கிளறிக்கொண்டிருந்தாள். "படிச்சேன்."

"எப்டி இருக்கு?"

"அந்த ரத்தினம்மாளுக்கு வாய் இருக்கா, இல்லையா?"

வீணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு சிரிக்கற? நூத்தி அறுவதாம் பக்கத்துல மழை கொட்டுது. அவளும் அவனும் தனியா ஒதுங்கி நிக்கறாங்க. முக்கால் மணி நேரம். இன்னா பேசறாங்க? வெங்காய விலை! எனக்கு வந்த கோவத்துக்கு புக்கைத் தூக்கி உளுந்து டின்னுல போட்டுட்டேன்."

"அது அப்டித்தாம்மா. சொல்லாம இருக்கறதுலதான் அழகே."

"யாருக்கு அழகு? படிக்கறவங்களுக்கா? மழையில நிக்கறவளுக்கா?"

 வீணா தோசைக்கல்லைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

"அவனுக்காவது சொரணை இருக்கா?" முத்தம்மா விடவில்லை. "பதினோரு வருஷம் ஒருத்தி, கேக்காமலே காப்பியில சக்கரையைக் கம்மி பண்ணித் தரா. ஏம்மா எனக்கு மட்டும் இப்டின்னு ஒரு நாள் கேக்க மாட்டானா? பேஜாராயிடுச்சுடி எனக்கு. ரெண்டு பேரையும் பிடிச்சு உலுக்கலாம் போல இருந்துச்சு."

அம்மாவின் முகத்தை வீணா ஓரக்கண்ணால் பார்த்தாள். கோபத்தைத் தவிர அதில் வேறெதுவும் தெரியவில்லை. நல்லவேளை, கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் முத்தம்மா நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டிருந்தாள். குமாஸ்தா என்று எழுதினால் மட்டும் போதுமா? முதல் இட்லியைச் சட்னியில்லாமல் சாப்பிடுகிற ஆளை அவளுக்குத் தெரியாதா?

அந்த ஆள் ஆறரைக்கு வந்தார்.

கிருஷ்ணப்பா பஸ் டிரைவர். ஐம்பத்தேழு வயது. ஹொஸ்கோட்டே பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். மனைவி காலமாகி வெகுநாளாயிற்று என்று கேள்வி. ஒரே மகன் ஷ்ரேயாஸ் துமகூரில் வேலை பார்க்கிறான். டியூட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை டிபன் அவருக்கு இங்கேதான். ஞாயிறு என்பதால் காக்கிச் சட்டைக்குப் பதில் வெள்ளைச் சட்டை.

நரேஷ் டோக்கனை அவர் கையில் கொடுக்கவில்லை. கல்லாமேல் வைத்துவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தான். இது இன்று நேற்றுப் பழக்கமில்லை. அம்மாவுக்கு அது ரொம்ப நாளாக உறுத்துகிறது. ஏன் என்று அவள் கேட்டதில்லை.

இட்லித் தட்டை இன்று முத்தம்மாவே கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"சார், வீணா எழுதின புக்குக்கு சாயந்திரம் கூட்டம். நாலு மணிக்கு. நீங்க வரணும்."

கிருஷ்ணப்பா நிமிர்ந்து பார்த்தார். பதினோரு வருடத்தில் 'இன்னொரு இட்லி வைக்கட்டா', 'காப்பி சூடா இருக்கா' என்பதைத் தாண்டி அவள் பேசிய முதல் பேச்சு இது.

"நனகே தமிழ் ஓதக்கே பரல்லம்மா. படிக்க வராதே எனக்கு."

"கேக்க வரும்ல? வாங்க."

கல்லாவிலிருந்து நரேஷ் தலையைத் தூக்கினான். "ம்மா, நீ போறியா இன்னா? நாளைக்கு மாவு யாரு அரைக்கறது?"

"அரிசி, உளுந்து ஊறப் போட்டுட்டுப் போறேன். வந்து அரைச்சுக்கலாம்."

"அங்கெல்லாம் படிச்சவங்க வருவாங்க. உனக்கு போரடிக்கும்."

"நானும்தாண்டா படிச்சேன். முந்நூத்திப் பன்னெண்டு பக்கம்."

*

மன்றத்தின் சின்ன ஹாலில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். முத்தம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மஞ்சள் கரை போட்ட பச்சைப் புடவை. ஷில்பா இஸ்திரி போட்டுக் கொடுத்தது. கிருஷ்ணப்பா வாசல் பக்கம், கடைசி வரிசையில், எந்த நிமிடமும் எழுந்து போய்விடுகிறவர் மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தார். நரேஷ் வரவில்லை.

ஆண்ட்ரூ சார் தலைமை. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். மைக் கையில் கிடைத்தால் சுலபத்தில் விடமாட்டார்.

"இந்த நாவலில் இரண்டு பேர் பேசவே இல்லை. அந்த மௌனம்தான் இதன் உயிர். சொல்லிவிட்ட காதல் சாதாரணமானது. சொல்லாத காதலோ தெய்வீகமானது. ரத்தினம்மாள் அந்தத் தயிர் சாதத்தைக் கட்டும்போது நான் அழுதுவிட்டேன்."

இரண்டாவது வரிசையில் ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினாள். கைதட்டல் எழுந்தது. மேடையில் வீணா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

"வாசகர்கள் யாராவது பேசலாம்" என்றார் ஆண்ட்ரூ சார்.

முத்தம்மா எழுந்தாள்.

வீணாவின் சிரிப்பு நின்றது.

மைக் வருவதற்குக்கூட முத்தம்மா காத்திருக்கவில்லை. ஹோட்டல் அடுப்படியிலிருந்து ஏழு மேசைக்கும் கேட்கிற குரல். அந்த ஹாலுக்குத் தாராளமாகப் போதும்.

"என் பேரு முத்தம்மா. ஹோட்டல் வெச்சிருக்கேன். ஏழாவது வரைக்கும் படிச்சேன். சார் பேசினது நல்லா இருந்துச்சு. ஆனா எனக்கு இந்த ரெண்டு பேர் மேலயும் கோவம் கோவமா வருது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"தெய்வீகம்னு சொன்னீங்க. சரி. அவ தயிர் சாதம் கட்டிக் குடுத்துட்டா, அவன் வாங்கிக்கினு போயிட்டான், கதை முடிஞ்சிடுச்சு. மறுநாள் காலைல நாலு மணிக்கு அவ எழுந்து அடுப்பு பத்த வெக்கணுமே, அதை யாரும் எழுதலயே. ஆறரை மணி ஆகும். அந்த மேசை காலியா இருக்கும். அன்னிக்கு, அதுக்கு மறுநாள், அதுக்கும் மறுநாள். அவளுக்கு அம்பது வயசுதான் ஆவுது. இன்னும் இருவது வருஷம் அந்தக் காலி மேசையைப் பாத்துக்கினு இட்லி ஊத்தணும். அதுல இன்னா சார் தெய்வீகம்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அவனுக்கு பயம்னு வெச்சுக்கலாம். இவளுக்கு இன்னா கேடு? புருஷன் போனப்புறம் ஒத்தையா நின்னு ஹோட்டலை நடத்தினவ. மூட்டைக்காரன் கிட்ட சண்டை போட்டவ. கார்ப்பரேஷன்காரன் கிட்ட நின்னு பதில் சொன்னவ. ஒரு ஆம்பள கிட்ட நாலு வார்த்தை கேக்க மட்டும் வாய் வரலையா? நம்பவே முடியல."

ஆண்ட்ரூ சார் மைக்கை வீணாவின் பக்கம் நகர்த்தினார். வீணாவின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"அம்மா... அது கதைம்மா."

"கதைதான். எழுதினது நீதானே? ஏன் அவங்களைப் பேச விடல?"

வீணா மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஆறேழு நல்ல பதில்கள் அவள் தயாராக வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. உண்மைதான் வந்தது.

"பேசினா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியலம்மா. எத்தனையோ தடவை எழுதிப் பாத்தேன். அவ கேட்ட உடனே அடுத்த பக்கம் எழுத வரல. அதான் பஸ் ஏத்தி அனுப்பிட்டேன்."

"அப்ப சரி" என்றாள் முத்தம்மா. குரல் இறங்கியிருந்தது. "பேசினா இன்னா ஆவும்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள்.

"சார், ஒரு நிமிஷம் வெளிய வரீங்களா?"

கிருஷ்ணப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத்தான் தெரியாது. ஆறரை மணி என்றாலும் இட்லி என்றாலும் நன்றாகவே புரியும்.

*

ஏரிக்கரை நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பொரி விற்கிறவன், சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள், செல்ஃபி எடுக்கிற ஜோடிகள். முத்தம்மா கம்பி வேலியருகே நின்றாள். கிருஷ்ணப்பா இரண்டடி தள்ளி நின்றார்.

"பதினோரு வருஷமா தினம் வரீங்க" என்றாள். "டிபனுக்கா? எனக்கா?"

அவர் ஏரியைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டுக்கும்" என்றார்.

 அழுவதற்கு இதுவல்ல நேரம் என்று முத்தம்மாவுக்குத் தெரியும்.

"அப்ப ஏன் ஒரு தடவைகூட கேக்கல?"

"மாத்து கொட்டித்தினி."

"வாக்கு குடுத்தீங்களா? யாருக்கு?"

கிருஷ்ணப்பா தயங்கினார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கூட்டத்தை நடுவில் விட்டுவிட்டு வீணா ஓடி வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் இன்னும் தயங்கினார்.

"அவ இருக்கட்டும். சொல்லுங்க."

"நரேஷுக்கு."

வேலியைப் பிடித்திருந்த முத்தம்மாவின் கை இறுகியது.

கிருஷ்ணப்பா கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். ஆறு வருடம் முன்னால், நரேஷுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அம்மாவிடம் கேட்பதற்கு முன் மகனிடம் ஒரு வார்த்தை சொல்வதுதான் மரியாதை என்று அவர் நினைத்தார். சொன்னார். மறுநாள் நரேஷ் டிப்போவுக்கே வந்துவிட்டான்.

"பொண்ணு வீட்ல ஆகலே, இப்பவே கேக்கறாங்க, யாரு அந்த டிரைவர்னு. நீங்க வாயைத் தெறந்தா என் கல்யாணம் நிக்கும். அம்மாகிட்ட எப்பவும் கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கன்னான். சின்னப் பையன். கண்ணுல தண்ணி. என் மகன் மாதிரி இருந்தான். பண்ணிட்டேன்."

"அப்புறமும் தினம் வந்தீங்களே?"

"கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னான். டிபன் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லலயே."

வீணா வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்தாங்கொள்ளி என்று முந்நூறு பக்கம் அவள் எழுதிய ஆள், அவளுடைய அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை ஆறு வருடம் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அங்கிள், நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் முத்தம்மா. அவள் கிருஷ்ணப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க கேக்க மாட்டேன்னுதானே வாக்கு குடுத்தீங்க? நான் ஒருத்தருக்கும் ஒண்ணும் குடுக்கல. நான் கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

பொரிக்காரன் மணியை அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனான். 

"ஹௌது" என்றார் கிருஷ்ணப்பா. பிறகு, அவளுக்குச் சந்தேகமே வரக்கூடாது என்பது போலத் தமிழிலும் சொன்னார். "கட்டிக்கிறேன்."

முத்தம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒந்து விஷயம், முத்தம்மாவரே. நாளைக்குக் காலைல நான் வர்றதுக்கு முன்னாடி நரேஷ்கிட்ட சொல்லிடுங்க. பர்மிஷன் கேக்க வேண்டாம். சொன்னாப் போதும். அவன் எதிர்ல திருடன் மாதிரி உக்காந்து சாப்பிட என்னால ஆவாது. நானும் இன்னிக்கே ஷ்ரேயாஸுக்கு போன் பண்ணிடறேன்."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போறேன்" என்றாள் முத்தம்மா.

*

ஞாயிறு மத்தியானத்தோடு ஹோட்டல் மூடிவிடும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நரேஷ் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். நாற்காலிகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தான். ஷில்பா டம்ளர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மணி ஆறு.

குனிந்து உள்ளே வந்த அம்மாவின் முகத்தையும் தங்கையின் முகத்தையும் பார்த்ததும் அவன் துடைப்பத்தைக் கீழே வைத்தான்.

"நரேஷ், நான் கிருஷ்ணப்பா சாரைக் கட்டிக்கப் போறேன். கேட்டேன். சரின்னுட்டார்."

"ம்மா!"

"ஆறு வருஷம் முன்னாடி டிப்போவுல நீ வாங்கின சத்தியமும் தெரியும்."

நரேஷின் முகம் வெளுத்தது. பிறகு கோபம் வந்தது. "ஆமா, வாங்கினேன். உன் மரியாதைக்காகத்தான் வாங்கினேன். வெளிய அப்பா பேர்ல போர்டு தொங்குது. உள்ள நீ... ஷில்பா வீட்ல அப்பவே கேட்டாங்கம்மா. கல்யாணமே நின்னிருக்கும்."

ஷில்பா கையிலிருந்த டம்ளரை வைத்தாள்.

"எங்க வீட்ல யாரு கேட்டாங்க?"

"நீ சும்மா இரு."

"எதுக்குங்க சும்மா இருக்கணும்? எங்க வீட்டுப் பேரைச் சொல்றீங்க." ஷில்பா மாமியாரின் பக்கம் திரும்பினாள். "அத்தை, எங்கம்மா இவரைப் பாக்க இங்க வந்தப்ப அந்த சாரையும் பாத்தாங்க. தட்டைத் தானே எடுத்துக்கினு போய் வெக்கறார், நல்ல மனுஷனா இருக்கார், அந்தம்மாவுக்கு ஒரு துணை கிடைச்சா நல்லதுன்னுதான் சொன்னாங்க. நான் அதை இவர்கிட்ட அப்பவே சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னாடியே."

வீணா அண்ணனைப் பார்த்தாள். ஷில்பா கணவனைப் பார்த்தாள். கழுவின தண்ணீர் மட்டும் சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

முத்தம்மா ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப எதுக்குடா?"

நரேஷ் துடைப்பத்தை எடுக்கக் குனிந்தான்.

"நான் உக்காந்துட்டேன். நீ சொல்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

 நரேஷ் கல்லா மேசையில் சாய்ந்து நின்றான். முப்பத்தோரு வயது ஆள். பேச ஆரம்பித்தபோது குரல் அந்த வயசுக்குச் சேராமல் இருந்தது.

"அப்பத்தான் நான் கம்பெனி வேலையை விட்டுட்டு இங்க வந்தேன். எல்லார்கிட்டயும் ஹோட்டலைப் பெருசாக்கப் போறேன்னு சொல்லிட்டேன். எனக்கு ஒரு சாம்பார் வெக்கத் தெரியாதும்மா. ஜனங்க வர்றது உன் கைக்கு. நீ அவர்கூடப் போயிட்டா நான் இங்க இன்னா பண்ணுவேன்? வெறும் கல்லாவை வெச்சுக்கினு?"

"போறேன்னு நான் சொன்னேனா?"

"சொல்லல. ஆனா போயிடுவியோன்னு பயம். கல்யாணம் முடிஞ்சதும் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னு இருந்தேன். ஒரு மாசம் போச்சு. ஒரு வருஷம் போச்சு. அப்புறம் அவர் மூஞ்சியைப் பாக்கவே முடியல."

டோக்கனை அவன் கையில் கொடுக்காத காரணம் முத்தம்மாவுக்கு இப்போது தெரிந்தது. வெறுப்பென்று நினைத்திருந்தாள். அது கூச்சம்.

அம்மா தன்னை அருகில் கூப்பிட்டுத் தலையைத் தடவுவாள் என்று நரேஷ் எதிர்பார்த்திருக்கலாம். வீணாகூட அப்படித்தான் நினைத்தாள். அவளுடைய நாவலாக இருந்தால் அந்த இடத்தில் அதுதான் நடந்திருக்கும்.

"ஆறு வருஷம்டா" என்றாள் முத்தம்மா. "நாப்பத்தெட்டு வயசுல நான் பேசியிருக்க வேண்டிய பேச்சை அம்பத்து நாலுல பேசிட்டு வரேன். உனக்கு சாம்பார் வெக்கத் தெரியலன்னா என்கிட்ட வந்து கத்துக்குடுன்னு கேட்டிருக்கணும். என் வாயையும் அந்த மனுஷன் வாயையும் சேத்துக் கட்டிட்டியே."

"தப்புதாம்மா."

"தப்புதான். இதை நான் உடனே மன்னிக்கப் போறதில்ல. மெதுவாப் பாக்கலாம்." அவள் எழுந்தாள். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நாளைக்குக் காலைல நாலு மணிக்கு அடுப்பு பத்த வெக்கறது நீ. இட்லி நீ. சாம்பார் நீ. ஷில்பா, நீ உதவிக்குப் போகக் கூடாது. ஆறரைக்கு அவர் வருவார். நான் அவர்கூட உக்காந்து சாப்பிடுவேன். நீதான் கொண்டாந்து வெக்கணும்."

"அம்மா, நாளைக்கு திங்கக்கிழமை. எவ்ளோ கூட்டம் வரும் தெரியுமா?"

"தெரியும். பதினாலு வருஷமா அந்தக் கூட்டத்துக்குச் சமைச்சது யாரு?"

"எனக்கு வரலைன்னா?"

"வரலைன்னா நாலு பேர் திட்டுவாங்க. கேட்டுக்கோ. மறுநாள் கொஞ்சம் நல்லா வரும். நான் எங்கயும் போகல, கத்துத் தரேன். ஆனா நாளைக்கு நான் அடுப்படியில கால் வெக்க மாட்டேன்."

ஷில்பா தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தாள். நரேஷ் சாவியைப் பார்த்தபடியே நின்றான்.

மாடிக்கு வந்து முத்தம்மா முகத்தைக் கழுவினாள். வீணா காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு வாய்கூடக் குடித்திருக்க மாட்டாள், போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஆன்ட்டி, நான் ஷ்ரேயாஸ். துமகூர்லருந்து. கிருஷ்ணப்பா மகன்."

"சொல்லுப்பா."

"அப்பா இப்பத்தான் போன் பண்ணி உங்க நம்பர் குடுத்தார். நீங்கதான் கேட்டீங்களாமே?"

"ஆமா. நான்தான் கேட்டேன்."

 அந்தப் பக்கம் பின்னால் ஏதோ பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு கன்னடத்தில் கேட்டது. ஏற்கெனவே கிளம்பிவிட்டான் போலிருக்கிறது.

"எங்கம்மாவைப் பத்தி அப்பா உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"இல்லப்பா. காலமாயிட்டாங்கன்னு மட்டும் தெரியும்."

"அப்டியா சொன்னார்?" என்றான் அவன். குரலிலிருந்து கோபமா, துக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "நாளைக்கு ஆறரைக்கு அங்க இருப்பேன், ஆன்ட்டி. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

"வா. ஆனா உங்கப்பாகிட்ட மறைக்கறது எனக்கு ஆவாது. இப்பவே போன் பண்ணி நீ வர்றேன்னு சொல்லிடுவேன். ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம இருந்தது போதும். எதுவா இருந்தாலும் நேர்ல சொல்லு. கேட்டுக்கறேன்."

அவன் போனை வைத்துவிட்டான்.

வீணா பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள். "இன்னாம்மா சொல்றான்?"

"தெரியல. நாளைக்குத் தெரியும்."

முத்தம்மா, ஏரிக்கரையில் வாங்கிக்கொண்ட கிருஷ்ணப்பாவின் நம்பரைத் தேடி எடுத்தாள். அழைக்கப் போன அந்த நேரத்தில் கீழே கிரைண்டர் ஓட ஆரம்பித்தது. கல் கரகரவென்று தேய்கிற சத்தம். தண்ணீர் போதவில்லை. உளுந்து அடியில் பிடித்துக்கொண்டிருக்கும். அவளையறியாமல் எழுந்து மாடிப்படி வரைக்கும் போய்விட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழ்ப்படியில்கூட வைத்தாள்.

அங்கேயே நின்றாள். கிரைண்டர் நின்றது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் ஓடியது.

முத்தம்மா காலைத் திருப்பி எடுத்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து, கிருஷ்ணப்பாவுக்குப் போன் போட்டாள்.